துணைவேந்தர் மு. வரதராசனார்: வந்த வழியும் வகுத்த நெறியும்

பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் புதிய துணைவேந்தர் வருகின்றார் என்னும் செய்தி வெளிப்பட்டவுடன் மாணவரிடையே எழும் முதல் வினா, "தேர்வு தள்ளிப்போகுமா?" என்பது. ஆசிரியரிடையே எழுவது, "அவர் எத்துறையினர்?" என்பது. இவ்விரண்டும் இயல்பான வினாக்களே. ஆயினும் இவற்றினும் ஆழ்ந்த வினா ஒன்று உண்டு. அஃதாவது, "அவர் எவ்வழி நடந்து இவ்விருக்கைக்கு வந்தார்?" என்பதாம். ஒருவர் நடந்துவந்த வழியே, பதவியில் அமர்ந்தபின் அவர் கண்ணுக்கு எவரெவர் தென்படுவர், எவரெவர் தென்படார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றது. இக்கருத்தை விருதுநகர், சிவகாசி ஆகிய நம் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு வரலாற்றைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணைவேந்தர் என்பார் யாவர்?

முதற்கண் இப்பதவியின் தன்மையைச் சிறிது ஆராய்வாம். "துணை" என்னும் அடைமொழி கண்டு, இவரை இரண்டாம் நிலையில் உள்ளவர் என மயங்குதல் கூடாது. மதுரைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம், மாநில ஆளுநரை வேந்தர் என்றும், கல்வி அமைச்சரை இணைவேந்தர் என்றும் குறித்தது. வேந்தர் பட்டமளிப்பு விழாவில் தலைமை தாங்குவார். இணைவேந்தர் அவர் இல்லாதவிடத்து நிற்பார். ஆனால் நாள்தோறும் பல்கலைக்கழகத்தை நடத்திச்செல்லும் பொறுப்பு துணைவேந்தர் ஒருவரையே சார்ந்தது. ஆட்சிக்குழுவும் கல்விக்குழுவும் கூடுங்கால் அவரே தலைமை ஏற்பார். எத்துறை புதிதாகத் தோன்றவேண்டும், எப்பாடம் மாறவேண்டும், எக்கல்லூரிக்கு இணைப்பு நல்கவேண்டும் என்பன போன்ற பொருள்களை அக்குழுக்களின் முன் கொண்டுவந்து நிறுத்துபவரும் அவரே.

இணைப்புப் பல்கலைக்கழகத்தில் இப்பொறுப்பு இருமடங்காகும். என்னை? கல்லூரிகள் பாடம் நடத்தும்; பாடத்திட்டம் வகுத்தலும், தேர்வு நடத்தலும், பட்டம் வழங்கலும் பல்கலைக்கழகத்தின் கடன். ஆகவே துணைவேந்தரின் முகத்தை ஒருமுறையேனும் கண்டிராத மாணவன் வாழ்விலும் அவர்தம் முடிவுகள் நுழைகின்றன. தலைநகரில் ஒரு மேசைமேல் இடப்படும் கையொப்பம், சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ படிக்கும் ஒருவன் எந்நூலைப் பயில்வான் என்பதை உறுதி செய்கின்றது.

நம் வட்டாரமும் மதுரையும்

நம் பகுதி மானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மண் பொய்க்கும். ஆதலின் மக்கள் வாணிகத்தையும் கைத்தொழிலையும் நம்பினர். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அவர்கள் கொணர்ந்த அச்சிறு நெருப்பிலிருந்தே தீப்பெட்டித் தொழிலும், அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும், பெட்டிகளுக்குச் சீட்டு அச்சிடும் தேவையினின்று அச்சுத்தொழிலும் இங்குக் கிளைத்துப் பரவின. தொழில் வளர்ந்தது, ஆனால் சிறுவயதிலேயே வேலைக்குச் செல்லும் வழக்கமும் உடன் வளர்ந்தது. பெட்டி ஒட்டவும், கட்டை அடுக்கவும், சரம் பின்னவும் கைகள் வேண்டப்பட்டன. அக்கைகளிற் பல ஏடு தூக்கவேண்டிய கைகளாய் இருந்தன.

கல்விக்கூடங்கள் மெல்ல மெல்லத் தோன்றின. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும் எழுந்தன. இவை யாவும் தொடக்கத்தில் 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே இருந்தன. சென்னையோ இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவினது. ஒரு சான்றிதழ் வேண்டின் இரவு முழுதும் இருப்புப்பாதையிற் செல்லவேண்டும். இக்குறை 1966-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியதால் நீங்கிற்று. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் அடங்கின. அக்காலத்தில் விருதுநகரும் சிவகாசியும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். தனி மாவட்டமானது 1985-இல் என்பதை நினைவிற் கொள்க.

முதல் துணைவேந்தர்

அப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய் அமர்ந்தவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவர் 1901-இல் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிற் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞராய்ப் பதிவு செய்துகொண்டவர். பின் தமிழின்பால் ஈர்க்கப்பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் மொழியியலும் வளரப் பாடுபட்டவர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். பல மொழிகளையும் பல கலைகளையும் அறிந்தமையால் பன்மொழிப்புலவர் எனப் போற்றப்பெற்றார். இத்தகையவர் 1966 முதல் 1971 வரை தலைமை ஏற்றபோது, புதிதாய்ப் பிறந்த பல்கலைக்கழகத்தின் தலையாய தேவை கடைக்கால் இடுதலாய் இருந்தது. உயர்பட்ட வகுப்புகளும் ஆராய்ச்சித் துறைகளும் கால்கொள்ளவேண்டிய காலம் அது. ஆராய்ச்சியிலேயே வாழ்ந்த ஒருவர் அக்காலத்துக்கு வாய்த்தது பொருத்தமே.

மு. வ. வந்த வழி

அவருக்குப் பின் 1971-இல் அவ்விருக்கைக்கு வந்தவர் டாக்டர் மு. வரதராசனார். மாணவர் உலகம் அவரை மு. வ. என்னும் இரண்டெழுத்தாலேயே அறியும். அவர் வந்த வழி, முன்னவர் வந்த வழியினின்று பெரிதும் வேறுபட்டது.

அவர் 1912-ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டுப் பகுதியிற் பிறந்தார். உயர்நிலைப்பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் கல்லூரிக்குச் செல்லவில்லை. திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் வேலைக்கு அமர்ந்தார். உடல்நலம் குன்றவே அவ்வேலையை விட்டுவிட்டுச் சிற்றூரில் ஓய்வு கொண்டார். பிறர்க்கு அந்த ஓய்வு சோர்வாய் முடிந்திருக்கும். அவரோ அங்கே முருகைய முதலியார் என்னும் ஆசிரியரிடம் தமிழ் பயிலத் தொடங்கினார். கல்லூரி வகுப்பில் அமராமல் தாமே படித்து, 1935-இல் வித்துவான் தேர்வு எழுதி மாநிலத்தில் முதல்வராய்த் தேறினார். அதற்கெனத் திருப்பனந்தாள் மடத்தார் வழங்கிவந்த 1000 ரூபாய்ப் பரிசும் பெற்றார். அவ்வாண்டே திருப்பத்தூரில் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியரானார். ஆசிரியப் பணி செய்துகொண்டே மேலும் படித்து, 1939-இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றுப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராய்ச் சேர்ந்தார். அங்கும் படிப்பு நிற்கவில்லை. 1944-இல் எம்.ஓ.எல். பட்டம், 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் அப்பட்டம் முதன்முதலாகப் பெற்றவர் அவரே.

இவ்வரலாற்றைச் சற்று நின்று நோக்குக. பகலில் அலுவல் அல்லது கற்பித்தல், இரவில் விளக்கொளியில் படிப்பு, ஆண்டுக்கொருமுறை தேர்வுக்கூடம். இருபதாம் அகவைக்கு முன்னர்த் தொடங்கி முப்பத்தாறாம் அகவை வரை அவர் இவ்வாறே கற்றார். கல்லூரியின் வாயிலை அவர் மாணவராய்க் கடக்கவில்லை. ஆசிரியராகவே கடந்தார் எனலாம். பின்னர் 1961 முதல் பத்தாண்டுக் காலம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராய் விளங்கி, அதன்பின் மதுரைக்கு வந்தார்.

அவர் எண்ணங்களில் முன்நின்றவை

துணைவேந்தர் ஒருவர் எவற்றை முதன்மையாகக் கருதுவார் என்பதை அறிய அவர் வகிக்கும் பதவியின் கோப்புகளைக் காட்டிலும் அவர் எழுதிய நூல்களே சிறந்த வாயிலாகும். மு. வ. எழுதிய நூல்கள் பலதிறத்தன. அவற்றினின்று மூன்று கருத்துகள் தெளிவாய்ப் புலனாகின்றன.

முதலாவது, கற்றவர்க்கே உரியதாய் இருந்த பொருளைக் கல்லாதார்க்கும் எட்டச் செய்தல். 1949-இல் வெளிவந்த அவருடைய திருக்குறள் தெளிவுரை இதற்குத் தலையாய சான்று. பழைய உரைகளின் அருமை பெருமைகளை அவர் அறியாதவர் அல்லர்; ஆயினும் சட்டைப்பையில் அடங்கும் சிறுநூலில், பள்ளிப்பிள்ளையும் படித்துணரும் எளிய தொடர்களில் உரை எழுதினார். புலவர் சிலர் இதனை எளிமை என்று குறைவாய் மதித்திருக்கலாம். மக்களோ அதனை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டனர்.

இரண்டாவது, தமிழ் எல்லா அறிவையும் தாங்கவல்லது என்னும் உறுதி. மொழியியலைத் தமிழிலேயே கற்பதற்கு உதவும் வகையில் "மொழி நூல்", "மொழி வரலாறு" முதலிய நூல்களை இயற்றினார். பொருள் புதிது, ஆயினும் நடை புதிராய் இல்லை.

மூன்றாவது, இளைஞரின் ஒழுக்கத்தில் அவர் கொண்ட கவலை. "தம்பிக்கு", "தங்கைக்கு" என்னும் கடித நூல்களில் இக்கவலையைக் காணலாம். 1961-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற "அகல் விளக்கு" என்னும் புதினத்தில் இதுவே கதையாகின்றது. அழகும் அறிவும் ஒருங்கே பெற்ற சந்திரன் தன்னைக் காத்துக்கொள்ளாமற் கெடுகின்றான். அத்துணைச் சிறப்பில்லாத வேலய்யன் ஒழுங்கினால் நிலைபெறுகின்றான்.

அஞ்சலில் வந்த கல்லூரி

மு. வ. துணைவேந்தராய் அமர்ந்த அதே 1971-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கப்பெற்றது. இந்தியாவில் இம்முறையை முதலில் மேற்கொண்டது டில்லிப் பல்கலைக்கழகம்; ஆண்டு 1962. தமிழ்நாட்டில் இத்துறையில் முன்னடி எடுத்து வைத்தவற்றுள் மதுரை ஒன்று. இத்தகைய முயற்சி ஒருவரால் மட்டும் நிகழ்வதன்று. குழுக்கள் கூடவேண்டும், ஆசிரியர்கள் பாடம் எழுதவேண்டும், அரசு இசையவேண்டும். ஆயினும், எழுத்தராயும் பள்ளியாசிரியராயும் இருந்துகொண்டே பட்டங்களைப் பெற்ற ஒருவர் தலைமை வகித்த காலத்தில், வேலை பார்ப்பவர்க்கான கல்வி அங்கே வேர்விட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதன் இயல்பு எளிது. கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டோர்க்குப் பாடங்கள் அச்சிடப்பெற்று அஞ்சலில் வரும். அவற்றைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதலாம். விடுமுறை நாள்களில் குறித்த ஊர்களில் நேரடி வகுப்புகள் சில நாள் நடைபெறும். ஆண்டிறுதியில் தேர்வு. கல்லூரி மாணவன் பெறும் பட்டத்தையே இவர்களும் பெறுவர்.

இதன் அருமையை யான் நூல் வாயிலாக மட்டும் அறிந்தேன் அல்லேன். என் தந்தையாருக்கு மூத்தவரான அத்தையார் பள்ளியிறுதி வகுப்புத் தேறியபின், குடும்பத்தின் நிலை காரணமாகச் சிவகாசி அச்சகம் ஒன்றில் நாட்காட்டித் தாள்களை அடுக்கித் தைக்கும் வேலைக்குச் சென்றார். கல்லூரி அவர் நடந்துசெல்லும் தெருவிலிருந்து எட்டும் தொலைவிலேயே இருந்தது. ஆயினும் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை அவர் வேறோர் இடத்தில் இருக்கவேண்டியவர். அவ்விடைவெளியை நிரப்பியது தபால்காரர் கொண்டுவந்த கட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், பிற்பகல் முழுதும் தமிழ் இலக்கியப் பாடங்களைப் படிப்பாராம். நேரடி வகுப்புக்கு மதுரை செல்லும் நாள்களில் கூலி இல்லை. ஆயினும் ஒரு வகுப்பையும் அவர் தவறவிட்டதில்லை. இவ்வாறு பி.ஏ. பட்டமும், பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, ஓய்வுபெறும் வரை பள்ளியாசிரியராய்ப் பணிபுரிந்தார்.

அப்பாட ஏடுகள் இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளன. அவற்றின் ஓரங்களில் அச்சுமை தோய்ந்த விரல்தடங்கள் பல காணப்படும். அவற்றோடு மு. வ.வின் திருக்குறள் தெளிவுரைப் படி ஒன்றும் அட்டை கிழிந்து கிடக்கின்றது. யான் தமிழைச் சிறப்புப் பாடமாய் எடுக்கத் துணிந்தபோது, "தமிழ் படித்து என்ன செய்யப்போகிறான்?" என்று உறவினர் வினவினர். அத்தையார் மட்டும், "படிக்கட்டும், வேலைக்குப் போய்விட்டு வந்து படிக்க வேண்டிய நிலை அவனுக்கு இல்லையே" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

ஓர் ஐயமும் விடையும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். அஞ்சல்வழிக் கல்வி வகுப்பறைக் கல்விக்கு நிகராகுமா? ஆசிரியர் முகத்தைக் காணாமல், உடன் பயில்வாரோடு வாதிடாமல் கற்பது முழுக்கல்வி ஆகுமா? இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் இதனைக் கல்வி வழியாக மட்டுமன்றி வருவாய் வழியாகவும் கருதத் தலைப்பட்டன என்னும் குறையும் உண்மையே. வருவாயே நோக்கமானால் பாட ஏடு பழையதாகும்; நேரடி வகுப்பு பெயரளவினதாகும்; இறுதியிற் பட்டம் மட்டுமே எஞ்சும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அஞ்சற்பாடத்தை வகுப்பறையோடு ஒப்பிடுவோர் வகுப்பறைக்குள் இருப்போரே. ஆலை வாயிலில் நிற்பவர்க்கு அஞ்சற்பாடத்தோடு ஒப்பிடத்தக்கது பாடமே இல்லாமைதான். மு. வ. இவ்விரண்டு இடங்களிலும் நின்றவர். தாமே கற்றவராதலின் அவ்வழியின் பயனை அறிந்தவர். ஆசிரியராய் வாழ்ந்தவராதலின் அதன் குறையையும் அறிந்தவர். இத்தகைய இரட்டைப் பார்வையே தலைமைக்கு இன்றியமையாதது என்பது என் துணிபு.

பின் நிகழ்ந்தவை

மு. வ.வுக்கு 1972-இல் அமெரிக்க நாட்டின் ஊஸ்டர் கல்லூரி இலக்கியப் பேரறிஞர் என்னும் சிறப்புப் பட்டம் நல்கிற்று. கல்லூரியில் மாணவராய் அமர்ந்து கற்காத ஒருவரைக் கடல் கடந்த கல்லூரி ஒன்று தேடிச் சிறப்பித்தது நயம் மிக்க நிகழ்ச்சியன்றோ! ஆனால் அவர் நெடுங்காலம் பணியாற்றக் கொடுத்துவைக்கவில்லை. 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே தமது 62-ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின்னும் தமிழறிஞர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தார். 1979 முதல் 1982 வரை துணைவேந்தராய் விளங்கிய வ. சுப. மாணிக்கனார் இளமையில் பர்மா நாட்டிற் கடைவேலை பார்த்தவர். இதற்கிடையே 1978-இல் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைத் தாங்கிற்று. விருதுநகரில் 1903-இற் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கடைக்குச் சென்று, பின்னர் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவையும் மதிய உணவையும் அளித்தவர் பெயர் அது. ஆகவே அப்பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையே, படிக்க இயலாமற் போனவர்களை நினைவூட்டும் பலகையாய் நிற்கின்றது.

அண்மைக் காலத்தில் அப்பல்கலைக்கழகம் இடர்ப்பட்டமையையும் மறைத்தற்கில்லை. ஊதியம் வழங்கவும் பொருளின்றித் தடுமாறிய நிலை நாளிதழ்களில் வெளிவந்தது. 2024-இல் துணைவேந்தர் தம் காலம் முடியுமுன்னரே விலகினார். இத்தகைய வேளையில் புதிய தலைவர் ஒருவரிடம் முதற்கண் எதிர்பார்க்கப்படுவது நிதியைச் சீராக்குதல் என்பர் பலர். அதனை மறுப்பார் இல்லை. எண்ணெய் இல்லாமல் விளக்கு எரியாது. ஆனால் எவருக்கு ஒளி தருவதற்காக அவ்விளக்கு ஏற்றப்பட்டது என்பதை மறந்துவிட்டால், எண்ணெய் நிறைந்திருந்தும் பயன் யாது?

முடிவுரை

நண்பர்காள்! நம்முட் பலர் இக்கல்லூரியை விட்டுச் சென்று ஆசிரியராவோம். சிலர் அலுவலகம் நடத்துவோம். எவரேனும் ஒருவர் பெரிய பொறுப்பில் அமர்தலும் கூடும். துணைவேந்தர் பதவியே வேண்டுமென்பதில்லை. ஒரு வகுப்பறைக்கும், ஒரு பட்டறைக்கும், ஒரு வீட்டுக்கும் தலைமை உண்டு. அப்போது நாம் எதை முதன்மையாகக் கொள்வோம் என்பது, இன்று எவ்வழி நடக்கின்றோம், வழியில் எவரைக் கண்ணெடுத்துப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தது. காலையில் நாம் கல்லூரிக்குப் பேருந்து ஏறும்போது, நம் அகவையினர் சிலர் வேறொரு வண்டியில் ஆலைக்கு ஏறுகின்றனர். அவர்களைக் காணாதவர் போற் செல்லுதலும் கண்டு செல்லுதலும் ஒன்றல்ல.

எங்கள் ஊர் மத்தாப்பு கண்ணைப் பறிக்கும் ஒளியுடையது. அதனால் எங்கள் ஊர் வாழ்கின்றது. அதனைக் குறைகூற யான் துணியேன். ஆயினும் மத்தாப்பின் ஒளியிற் பாடம் படித்தவர் எவரும் இலர். படிப்பதற்கு அகல் விளக்கே வேண்டும். மதுரையில் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் மு. வ. தலைமை தாங்கினார், அவர் காலத்தில் ஏற்றப்பெற்ற சுடரிலிருந்து, பல ஆண்டுகளுக்குப் பின், சிவகாசியில் ஒரு சிறு வீட்டில், அச்சுமை படிந்த விரல்களுடைய ஒரு பெண் தன் திரியைக் கொளுத்திக்கொண்டாள். புதிதாய்த் தலைமை ஏற்பார் எவராயினும், அவர் வருகையை நாம் அளக்கத்தக்க அளவுகோல் இதுவே.